கனவு கலைந்தபின் மூன்று நிமிடம்

பிரெஞ்சு இசையில் 'மெலொதி' என்றொரு பாடல் வகை உண்டு. ஒரு குரலும் ஒரு பியானோவும் சேர்ந்து, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கவிதையைப் பாடி முடிப்பதே அதன் இலக்கணம். அதில் நாடகக் காட்சி இல்லை, வேடம் இல்லை, வாத்தியக் குழு இல்லை, பெரும்பாலான பாடல்கள் மூன்று நான்கு நிமிடங்களைத் தாண்டுவதும் இல்லை. தமிழ்த் திரையிசை ரசிகர்கள் மென்மையான மெட்டுள்ள பாட்டை 'மெலடி' என்று சொல்லிப் பழகியவர்கள். இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து கிளைத்த சொற்களே. ஆனால் நம்மிடம் ஒரு பாட்டின் குணத்தைக் குறிக்கும் அச்சொல், பிரெஞ்சுக்காரரிடம் ஒரு வடிவத்தின் பெயராக வழங்குகிறது. அந்த வடிவத்தில் பிறந்த நூற்றுக்கணக்கான பாடல்களுள் இன்றும் ஓயாமல் பாடப்படும் ஒன்று, கபிரியேல் ஃபோரே இசையமைத்து 1878-ஆம் ஆண்டு பாரிசில் அச்சான 'அப்ரேஸ் அன் ரேவ்', அதாவது 'ஒரு கனவுக்குப் பின்'. தாளில் வைத்துப் படித்தால் அது பெரிய கவிதை அன்று. அதை எழுதியவரும் கவிஞராக அறியப்பட்டவர் அல்லர். கவிதையில் இல்லாத கனம் பாட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மெலொதிக்கு முன்பு பிரெஞ்சு வீடுகளில் பாடப்பட்டது 'ரொமான்ஸ்' என்னும் எளிய காதல் பாட்டு. ஒரே மெட்டு எல்லாப் பத்திகளுக்கும் திரும்பத் திரும்ப வரும். பியானோவுக்குக் குரலைத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இராது. 1830-களில் அடோல்ஃப் நூரி என்னும் புகழ்பெற்ற ஓப்பெரா பாடகர், வியன்னாவின் ஷூபர்ட் எழுதிய ஜெர்மன் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் பாரிஸ் மக்களுக்குப் பாடிக்காட்டியபோது, பியானோவும் கவிதையின் பொருளைச் சொல்லக்கூடும் என்பது அங்குள்ளோர்க்கு விளங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் பெர்லியோஸ், அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூரின் பாடல்களைப் பிரெஞ்சில் இசையமைத்து 'மெலொதி' என்ற பெயரிலேயே வெளியிட்டார். பின்னர் இசையமைப்பாளர் கூனோ அந்த வடிவத்துக்கு நல்ல உச்சரிப்பையும் அடக்கத்தையும் கற்றுக்கொடுத்தார். இவ்வளவும் முன்கதைதான், வடிவம் முதிர்ச்சி அடைந்தது 1870-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு.

பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்ற அந்தப் போரின் காயம் ஆறுவதற்குள், 1871 பிப்ரவரியில், பாரிசில் தேசிய இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. ஓப்பெராவைத் தவிர வேறெதற்கும் காது கொடுக்காத நகரத்தில், உயிரோடிருக்கும் பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் புதிய படைப்புகளுக்கு மேடை அமைத்துத் தருவது அதன் நோக்கம். அதை நிறுவியவர்கள் இருவர்: ஒருவர் இசையமைப்பாளர் கமீய் சான்-சான்ஸ், மற்றவர் ரொமேன் புசீன் என்னும் பாடகர், பாரிஸ் இசைக் கல்லூரியில் குரல் பயிற்சி ஆசிரியராக இருந்தவர். இந்த இரண்டாவது பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஒரு கனவுக்குப் பின்' கவிதையின் பிரெஞ்சு வரிகள் அவருடையவை. இருபத்தைந்து வயது நிறைந்து சில மாதங்களே ஆகியிருந்த ஃபோரே, போரில் பணியாற்றித் திரும்பியவுடன் அந்தச் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார்.

சங்கத்தின் மேடைக்கு வெளியே மெலொதியின் இயல்பான இருப்பிடம் பணக்காரர் வீட்டு வரவேற்பறை. மாலை நேரத்தில் ஓவியரும் எழுத்தாளரும் இசைக்காரரும் கூடும் அத்தகைய அறைகளில் பியானோ இல்லாத அறையைக் காண்பது அரிது. பாடுபவர் பல வேளைகளில் அந்த வீட்டுப் பெண்மணியாகவே இருப்பார். 'ஒரு கனவுக்குப் பின்' பாடலும் அப்படிப்பட்ட கூடங்களுள் ஒன்றை நடத்திய மார்கரீத் போஞி அம்மையாருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சிறிய அறையை மனத்தில் கொள்ளாமல் அந்தப் பாடலைப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டாயிரம் பேர் அமர்ந்த ஓப்பெரா அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய குரல் வேறு. நான்கு முழ தூரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு கனவைச் சொல்லும் குரல் வேறு. அந்தப் பாடல்களை அச்சிட்ட பதிப்பாளர்கள் ஒரு பாட்டுக்குச் சராசரியாக 60 பிராங்க் அளவுக்கே ஃபோரேக்குக் கொடுத்து, உரிமையையும் முழுதாக வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னாளில் உலகம் முழுவதும் விற்ற தாள்களிலிருந்து அவருக்குப் பங்கு ஏதும் வரவில்லை.

ஃபோரே 1845-இல் தெற்குப் பிரான்சில் பிரனீஸ் மலையடிவாரத்துப் பாமியே ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் பாரிசுக்கு அனுப்பப்பட்டு, தேவாலய இசைஞர்களை உருவாக்கும் நீடர்மேயர் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் படித்தார். அங்கே கிறித்தவ வழிபாட்டின் பழைய ஒற்றைக்குரல் பாடல்களுக்குப் பக்கவாத்தியம் அமைக்கும் பயிற்சி நாள்தோறும் நடந்தது. அந்தப் பாடல்கள், மேஜர் மைனர் என்று இரண்டாகச் சுருங்கிய பிற்கால ஐரோப்பிய இசைக்கு முந்திய, பல வகைச் சுரவரிசைகளில் அமைந்தவை. ஃபோரேயின் இசையில் திடீரென்று ஒரு சுரம் எதிர்பாராத வகையில் தாழ்ந்து ஒலிப்பதற்கும், கேட்பவருக்கு அது தவறாகத் தோன்றாமல் ஏதோ பழைமையின் வாசனையாகத் தோன்றுவதற்கும் அந்தப் பள்ளியே காரணம். 1861-இல், பதினாறு வயதில், விக்டர் ஹியூகோவின் கவிதை ஒன்றுக்கு முதல் மெலொதி எழுதினார். கடைசித் தொகுதியை எழுதியது 1921-இல். அறுபது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு பாடல்கள். இடையில் மத்லேன் தேவாலயத்தில் பாடகர் குழுத் தலைவர், ஆர்கன் இசைப்பவர், பாரிஸ் இசைக் கல்லூரியில் ராவெலுக்கு ஆசிரியர், 1905 முதல் 1920 வரை அக்கல்லூரிக்கே தலைவர் என்று பல பொறுப்புகள் வந்து சேர்ந்தன. தலைவராக இருந்த ஆண்டுகளில் காது மெல்ல மெல்லக் கெட்டதும் நடந்தது.

இனிக் கவிதை. அதன் மூலம் பிரெஞ்சு அன்று. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் வழங்கிய, ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு பழைய காதல் பாட்டைத் தழுவிப் புசீன் தம் மொழியில் எழுதினார். தழுவலில் அவர் செய்த மாற்றம் சிறியது போலத் தோன்றினாலும் கவிதையின் திசையையே திருப்பிவிட்டது. இத்தாலிய மூலம் சூரியனை எழச் சொல்கிறது; கண்ணை மூடவைத்து ஏமாற்றிய உறக்கத்தைத் துரோகி என்று பழிக்கிறது. புசீனின் கவிதையோ பகலை வேண்டவில்லை. ஏமாற்றிய இரவையே மறுபடி அழைத்து, அதே பொய்யை இன்னொரு முறை தரும்படி கெஞ்சுகிறது. ஏமாந்தவர் ஏமாற்றத்தைக் குற்றம் சாட்டுவது ஊரில் நடப்பது. ஏமாற்றம் தீர்ந்துபோனதே என்று அழுவது காதலில் மட்டும் நடப்பது.

கவிதையின் பொருளைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான்: உறக்கத்தில் அன்புக்குரியவரின் உருவம் தோன்றுகிறது, கண் மென்மையாகவும் குரல் தூய்மையாகவும் இருக்கிறது, அந்த உருவமே விடியலின் ஒளி பட்ட வானம்போல் சுடர்கிறது. அவர் அழைக்க, கனவு காண்பவர் மண்ணை விட்டு ஒளியை நோக்கி அவரோடு பறந்து போகிறார். மேகங்கள் விலகி, அதுவரை காணாத பேரழகுகள் ஒரு கணம் தெரிகின்றன. அப்போது விழிப்பு வந்துவிடுகிறது. மிச்சமிருப்பது, இரவை நோக்கிய வேண்டுதல். இந்தக் கட்டமைப்பில் புதுமை ஏதும் இல்லை. உருவகங்களும் அக்காலத்துப் பொதுச் சரக்கு. ஆனால் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கவை. பிரெஞ்சிலும் தமிழைப்போலவே 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. கவிதை முழுவதும் நெருக்கத்தைக் காட்டும் 'நீ'யே வருகிறது. முதல் இரண்டு பகுதிகளில் அந்த 'நீ' காதலர். விழித்தபின் அதே 'நீ' இரவுக்குப் போய்விடுகிறது. கனவில் அன்புக்குரியவர் 'அழைத்தார்'. விழிப்பில் கனவு கண்டவர் இரவை 'அழைக்கிறார்'. இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒன்றே. காதலருக்குச் சொல்லப்பட்ட 'சுடர்தல்' என்னும் சொல்லின் உறவுச் சொல்லே கடைசியில் இரவுக்கு அடைமொழியாகிறது. காதலர் கவிதையை விட்டு வெளியேறிவிட்டார், அவருடைய சொற்களை இருட்டு உடுத்துக்கொண்டது என்பதைப் புசீன் எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, இலக்கணமே சொல்லிவிடுகிறது. பேசுபவர் ஆணா பெண்ணா, பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்பதற்கும் பிரெஞ்சு வரிகளில் எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே இருபாலாரும் ஒரு சொல்லையும் மாற்றாமல் இதைப் பாடிவருகிறார்கள்.

பிரெஞ்சு மொழியைப் பாடுவது பற்றியும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் மெலொதியின் அழகில் பாதி ஒலிப்பில் இருக்கிறது. பாட்டின் தலைப்பிலேயே ஒரு பாடம் உண்டு. 'பின்' என்று பொருள்படும் முதற்சொல் தனியாக நின்றால் 'அப்ரே'. எழுத்தில் உள்ள கடைசி 'ஸ்' ஒலிக்காது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், உறங்கிய அந்த எழுத்து விழித்துக்கொண்டு இரண்டு சொல்லையும் ஒட்டிவிடும். புணர்ச்சி விதி அறிந்த தமிழருக்கு இதில் வியப்பு இராது. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. 'ரேவ்' என்னும் சொல்லின் இறுதியில் எழுத்தளவில் ஒரு 'எ' இருக்கிறது. பேச்சில் அது மறைந்துவிடும். கவிதையின் அசைக் கணக்கில் அது பல இடங்களில் உயிர்பெறும். பாட்டிலோ அடியின் இறுதியிலும் அதற்கென்று தனிச் சுரம் ஒதுக்கப்படும். விடியலைக் குறிக்கும் 'ஓரோர்' என்னும் சொல் கடைத்தெருவில் இரண்டு அசை, ஃபோரேயின் பாட்டில் மூன்று அசை. அந்த மூன்றாம் அசையைப் பாடகர் அழுத்திவிட்டால் கொச்சையாகும். விழுங்கிவிட்டால் அடி முடியாமல் தொங்கும். முழு உகரமாகவும் ஒலிக்காமல் முற்றிலும் மறையாமலும் அரை மாத்திரையில் நிற்கும் குற்றியலுகரத்தை அறிந்த காதுக்கு, அந்த 'எ' எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது எளிதில் பிடிபடும். இந்தக் கவிதையில் அடிகளின் இறுதிச் சொற்கள் பலவும் அத்தகைய மறையும் 'எ'யில் முடிபவை. ஆகவே அடிதோறும் பாட்டு உறுதியாகத் தரையில் கால் ஊன்றாமல், சற்று மங்கிக் கரைந்து நிற்கிறது. அடிகளின் நீளமும் ஒரே அளவில் இல்லை: முதல் இரண்டும் பத்து அசை, மூன்றாவது பன்னிரண்டு. யாப்பில் குறை காண்பவருக்கு அது குறைதான். ஆனால் சொற்றொடரை நீட்டவும் குறுக்கவும் இசையமைப்பாளருக்கு அதனால் இடம் கிடைத்தது.

இசைக்கு வந்தால், முதலில் காதில் படுவது பியானோவின் வலக்கை. மூன்று எண்ணிக்கை கொண்ட சிறு ஆவர்த்தம், மேற்கத்தியார் 'பார்' என்று சொல்வது. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரண்டு தட்டாக, ஓர் ஆவர்த்தத்துக்கு ஆறு முறை, வலக்கை சுரக்கூட்டுகளைத் தட்டிக்கொண்டே போகிறது. சுரக்கூட்டு என்பது மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. திரையிசைக் கலைஞர்கள் 'கார்டு' என்பது இதைத்தான். இடக்கை ஆழமான அடிச்சுரங்களை நீட்டி வைக்கிறது. பியானோவின் பங்கு ஏறக்குறைய இவ்வளவே. பாட்டுக்கு முன்னுரையாகப் பியானோ தனியாக எதையும் வாசிப்பதில்லை. குரல் முதல் ஆவர்த்தத்திலேயே வந்துவிடுகிறது. இடையில் குரல் ஓய்வெடுக்கும்போது பியானோ தன் திறமையைக் காட்டும் பகுதியும் இல்லை. தொடக்க நிலை மாணவரும் விரல்களை இந்த இடங்களில் வைத்துவிட முடியும். ஆனால் நூற்றுக்கணக்கான அந்தத் தட்டுகள் ஒன்றுகூடச் சுத்தியல் அடியாகக் கேட்காமல், ஒன்றோடொன்று கலங்கியும் போகாமல், மூச்சுபோல் சீராக வர வேண்டும் என்பதால், தேர்ந்த பியானோக் கலைஞர்களும் இந்தத் தாளை எளிதென்று நினைத்து அணுகுவதில்லை.

கர்நாடக இசையில் பழகியவர்கள் இதைத் தம்புராவோடு ஒப்பிட எண்ணலாம். ஒப்புமை பாதிதான் சரி. தம்புரா மாறாது, தான் மாறாமல் இருப்பதால் பாடகருக்கு நிலம் தருகிறது. ஃபோரேயின் பியானோ தாளத்தில் மாறுவதில்லை, சுருதியில் மாறிக்கொண்டே இருக்கிறது. பாட்டு 'சி மைனர்' என்னும் சுரவரிசையில் அமைந்தது. நிஷாதம் இரு வகையாகவும் வருவதால், நடபைரவியும் கீரவாணியும் கலந்தது போன்றது என்று, கமகங்களை மறந்துவிட்டு, ஏறக்குறையக் கற்பனை செய்துகொள்ளலாம். தொடக்கத்தில் வரும் சுரக்கூட்டுகள் ஒரு சங்கிலியாக இணைகின்றன: ஒரு கூட்டின் அடிச்சுரம் அடுத்த கூட்டுக்குப் பஞ்சமமாக அமையும்படி அடித்தளம் நகர்கிறது, அந்த இரண்டாவது அடுத்ததற்குப் பஞ்சமமாகிறது. ஐரோப்பிய இசையில் இது மிகப் பழைய உத்தி. பாக் காலத்திலிருந்து எல்லோரும் கையாண்டது. அதன் குணம், நிறுத்த முடியாமை. ஒவ்வொரு கூட்டும் அடுத்ததைக் கேட்டு வாங்குகிறது. அது வந்ததும் இன்னொன்றைக் கேட்கிறது. எங்கே போகிறோம் என்று உணருமுன் காது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கும். கனவில் பறந்து போவதைப் பாடும் வரிகளுக்கு, வட்டமாகச் சுற்றி வீட்டுக்கே திரும்பும் பாதையை ஃபோரே தேர்ந்தெடுத்திருக்கிறார். பறப்பவருக்குத் தெரியாத ஒன்று பியானோவுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மேலே குரல் வேறு கணக்கில் போகிறது. பியானோ ஓர் எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்துத் தட்டும்போது, குரல் பல இடங்களில் அதே எண்ணிக்கையை மூன்றாகப் பிரித்துப் பாடுகிறது. தாளக்காரர் மொழியில் சொன்னால் சதுச்ரத்தின் மேல் திஸ்ரம் வந்து உட்காருகிறது. இரண்டும் எண்ணிக்கையின் தொடக்கத்தில் மட்டும் சந்தித்து, நடுவில் ஒன்றையொன்று நழுவவிடுகின்றன. இது வித்தை காட்டுவதற்கான இடம் அன்று. மெதுவான நடையில் இந்த நழுவல், தரையைத் தொடாமல் நடப்பது போன்ற உணர்வையே தருகிறது. மற்றொன்று: குரல் ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும்போது அடியில் கூட்டு மாறிவிடும், சற்று முன்புவரை இசைவாயிருந்த சுரம் இப்போது உறுத்தலாகி, ஒரு படி இறங்கிய பிறகே அமைதி பெறும். ஏக்கத்தை விவரிக்கச் சொற்கள் பல தேவைப்படலாம். இசையில் அது பெரும்பாலும் இந்த ஒரு படி இறக்கம்தான்.

முதல் இரண்டு பகுதிகளுக்கும் மெட்டு ஏறக்குறைய ஒன்றே. பழைய ரொமான்ஸின் சாயல் அதில் மிச்சமிருக்கிறது. மூன்றாம் பகுதியில், விழிப்பு வரும் இடத்தில், மெட்டு மாறுகிறது. 'ஐயோ' என்னும் பொருள்பட்ட சொல் இரு முறை வந்து, குரல் தன் உயரத்துக்கு ஏறி, ஒலியும் பெருகி நிற்கிறது. இத்தாலிய ஓப்பெராவில் இந்த இடத்தில் வாத்தியக் குழுவே கிளர்ந்தெழுந்திருக்கும். ஃபோரேயின் பியானோ சற்று உரத்து ஒலிக்கிறது, தட்டு மாறுவதில்லை. கனவுக்கு ஒரு தாளம், நனவுக்கு ஒரு தாளம் என்று பிரித்துக் காட்டும் எளிய வழியை அவர் எடுக்காததுதான் இந்தப் பாட்டின் உயர்ந்த முடிவு என்று சொல்லத் தோன்றுகிறது. அதன்பின் இரவை அழைக்கும் வரிகள் மெல்லத் தணிந்து இறங்கி, கடைசிச் சுரக்கூட்டுகளோடு அடங்கிவிடுகின்றன. இரவு திரும்பி வந்ததாக இசை எந்த உறுதியும் தருவதில்லை.

ஃபோரேயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இந்த இடத்தில் மரியான் வியார்தோவின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மரியானின் தாய் பாலின் வியார்தோ ஐரோப்பாவையே ஆட்கொண்ட பாடகி. ரஷ்ய எழுத்தாளர் துர்கேனெவ் ஆயுள் முழுவதும் அந்தக் குடும்பத்தோடு ஒட்டியிருந்தவர். 1872-இல் சான்-சான்ஸ் ஃபோரேயை அவ்வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பாலினின் மகள் மரியானை ஃபோரே ஐந்து ஆண்டுகள் விரும்பி, 1877 ஜூலையில் நிச்சயம் செய்துகொண்டார். சில மாதங்களிலேயே மரியான் அதை முறித்துவிட்டார். அடுத்த ஆண்டு இந்தப் பாட்டு அச்சில் வந்தது. இரண்டையும் முடிச்சிடுவது எளிது. ஆனால் முறிந்த நிச்சயதார்த்தம் யாருக்கும் சுரக்கூட்டுச் சங்கிலியைக் கற்றுக்கொடுப்பதில்லை. வியார்தோ குடும்பத்தின் தடம் உண்மையில் தெரிவது வேறிடத்தில்: நீண்ட மூச்சில் வளைந்து செல்லும் இத்தாலியப் பாணிக் குரல்வரி, ஃபோரேயின் முந்தைய பாடல்களிலும் பிந்தைய பாடல்களிலும் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. இத்தாலிய ஓப்பெராவில் ஊறிய அந்த வீட்டின் சுவை அது.

பிற்காலத்து ஃபோரே இந்தப் பாணியிலிருந்து வெகுதூரம் போய்விட்டார். 1892 முதல் 1894 வரை வெர்லேனின் ஒன்பது கவிதைகளைக் கோத்து அவர் எழுதிய 'லா போன் ஷான்சோன்' தொகுதியில், பியானோ குரலுக்குச் சமமான மற்றொரு குரலாகிவிட்டது. சுரக்கூட்டுகள் வேகமாகத் திசைமாறுவதைக் கண்டு, அவருடைய ஆசிரியரான சான்-சான்ஸே முகம் சுளித்தார். போதலேரைத் துபார்க் எடுத்தாண்டதும், வெர்லேனைத் தெபுசி எடுத்தாண்டதும் அதே அரை நூற்றாண்டில்தான். பெரிய கவிஞரும் பெரிய இசையமைப்பாளரும் சந்தித்த அந்தப் பாடல்களோடு ஒப்பிட்டால் 'ஒரு கனவுக்குப் பின்' இளமைக்காலப் படைப்பே. ஆராய்ச்சியாளர் பலர் அதைச் சற்று இளக்காரமாகவே கடந்துபோவதும் உண்டு. மக்கள் காது அதற்கு உடன்படவில்லை, மக்கள் காது தவறும் செய்யவில்லை.

பாட்டு புகழ்பெற்றதில் பாப்லோ கசால்ஸுக்குப் பங்கு உண்டு. கட்டலோனியாவைச் சேர்ந்த அந்தச் செலோக் கலைஞர் 1910-இல் குரல்வரியைச் செலோவுக்கு மாற்றி அமைத்தார். அதன்பின் உலகின் செலோ மாணவர் பலரும் ஏதோவொரு நிலையில் இதை வாசித்துவிடுகிறார்கள். பாடகர்களில் ஜெரார் சூசே, ரெஜீன் கிரெஸ்பன் போன்ற பிரெஞ்சுக் கலைஞர்களின் பதிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. அமெரிக்க மெல்லிசைப் பாடகியான பார்ப்ரா ஸ்ட்ரைசண்டும் 1976-இல் வெளியான ஓர் இசைத்தட்டில் இதைப் பாடியிருக்கிறார். செலோவில் பாட்டு அழகாகவே இருக்கிறது, சில வேளைகளில் குரலைவிட இனிமையாகவும்கூட. ஆனால் அடியின் முடிவில் மங்கிக் கரையும் 'எ' அங்கே இல்லை. 'நீ' காதலரிடமிருந்து இரவுக்குக் கைமாறுவதும் இல்லை. எஞ்சுவது ஒரு சோக மெட்டு.

பாடுவோரும் வாசிப்போரும் செய்யும் பொதுத் தவறு, நடையை இழுத்துவிடுவது. ஃபோரே தாளின் தலைப்பில் எழுதியிருப்பது 'அந்தந்தீனோ', அதாவது நிதானமாக நடக்கும் வேகம்; தேங்கி நிற்பதற்கான அனுமதி அதில் இல்லை. ஃபோரேயோடு மேடையேறிய பாடகி கிளேர் க்ருவாசா, பியானோவில் அமர்ந்த அவர் தாளக் கருவியையே ஒத்திருந்தார் என்னும் பொருள்படப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு வரியின் உச்சியிலும் நின்று பெருமூச்சு விட்டுப் பாடும் பதிவுகள் பல சந்தையில் உண்டு. அவற்றில் கனவு காண்பவர் தம் சோகத்தைத் தாமே ரசிக்கத் தொடங்கிவிடுகிறார்.

முதன்முறை கேட்க விரும்பும் வாசகர் செலோவைப் பிறகு வைத்துக்கொண்டு, குரலில் தொடங்குவது நல்லது. பொருள் மேலே சொல்லப்பட்ட அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். இரண்டாம் முறை குரலை அதன் போக்கில் விட்டுவிட்டு, பியானோவின் வலக்கையை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.